கண்ணைச் சிமிட்டுங்கள்

இது நடந்தது. எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில், என்னோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த ஒருத்திக்கு நடந்தது. அவள் பெயர் தொரிக்கா. ஆளை மிரட்டிப் பார்த்து ரசிக்கிற ரகம் இல்லை. போனில் கூப்பிட்டு இதை என்னிடம் சொன்னபோதுகூட அவள் பேயைப் பற்றிப் பேச வரவில்லை. தான் செய்ததைப் பற்றித்தான் பேச வந்தாள். பேய் நடுவில் வந்துவிட்டது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அவளுடைய வேலை, முகம் பார்ப்பது.

வெளித்தீவுகளில் வங்கி கிடையாது. ஜனங்கள் பணத்தைப் போனில்தான் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் பழம் பறிக்கப் போன பிள்ளைகள் அனுப்புவதும் அங்கேதான் வந்து விழும். போன் தொலைந்து புதுப் போன் வாங்கினால் பழைய கணக்கைத் திறக்க முதலில் ஓடிபி போதுமானதாக இருந்தது. பிறகு திருடர்கள் அடுத்தவர் பெயரில் சிம் கார்டு வாங்கப் பழகிவிட்டார்கள். ஓடிபி நேராகத் திருடன் கைக்கே போனது. அதனால் கம்பெனி முகத்தைக் கேட்க ஆரம்பித்தது. போனை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். ‘கண்ணைச் சிமிட்டுங்கள். சிரியுங்கள். இடப்பக்கம் திரும்புங்கள்’ என்று எழுத்து வரும். சொன்னபடி செய்தால் கணக்கு திறக்கும். புகைப்படத்தையோ முகமூடியையோ காட்டி ஏமாற்ற முடியாது.

மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் அந்த நாலைந்து வினாடி வீடியோ தொரிக்காவின் ஸ்கிரீனுக்கு வரும். சத்தம் இருக்காது, முகம் மட்டும்தான். கீழே இரண்டு பட்டன். பச்சை, ‘உயிருள்ள முகம்’. சிவப்பு, ‘போலி’.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் ஒரு தப்பு செய்திருந்தாள். லவ்டோக்காவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடைய படத்தை எவனோ கம்ப்யூட்டரில் அசைய வைத்து அனுப்பியிருந்தான். தொரிக்கா பச்சையை அழுத்திவிட்டாள். விடிவதற்குள் வாத்தியாரின் கணக்கு துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. மேலதிகாரி கத்தவில்லை. “உன் கண்ணை நம்பித்தானேம்மா உன்னை இங்க உட்கார வெச்சிருக்கேன்” என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் கத்தியிருந்தாலே தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து அவள் விரல் சிவப்புப் பக்கமே சாய்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த முகம் வந்தது.

தவேயூனித் தீவு. பெயர் உனாய்சி. பெண், ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வலப்பக்கம் பாதி முகம் தொங்கிக்கொண்டிருந்தது. மெழுகை வெயிலில் வைத்த மாதிரி. ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்றதும் இடது கண் மூடியது. வலது கண் திறந்தபடியே நின்றது. ‘சிரியுங்கள்’ என்றதும் இடப்பக்க உதடு மட்டும் மேலே போனது.

பக்கத்து மேஜை பிரனீல் நாற்காலியோடு உருண்டு வந்து எட்டிப்பார்த்தான். அவனுக்கும் இதே வேலைதான்.

“யாரு இது? முகமூடியை அவசரத்துல மாட்டிட்டான் போல. பாதி வழுக்கிடுச்சு பாரு.”

“சும்மா இரு.”

“நிஜமாத்தான். காசு குறைஞ்சவன். அரை முகமூடிதான் கட்டுப்படியாச்சு.”

தொரிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சிவப்பை அழுத்தினாள்.

சாயங்காலம் அதே முகம் திரும்ப வந்தது. இப்போது தலை வாரி, காதில் ஒரு பூ செருகியிருந்தது. நல்ல வெளிச்சத்தில் நின்றிருந்தாள். வலது கண் அப்போதும் மூடவில்லை.

சிவப்பு.

மறுநாள் மதியம் மூன்றாவது தடவை. மூன்றாவதும் தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பிரனீல் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தான். “வா தொரிக்கா, கறி ஆறிப்போகுது.”

‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்ற எழுத்து வந்தது. இடது கண் மூடியது. அப்புறம் அந்தப் பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலை வலது இமை மேல் வைத்தாள். இமையைக் கீழே இழுத்து மூடினாள். விரலை எடுத்தாள். இமை தானாக மேலே ஏறியது.

அந்தக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

முகமூடி அழாது. தொரிக்காவுக்கு அது தெரிந்தது. சந்தேகம் வந்தால் கணக்கில் இருக்கும் இன்னொரு நம்பருக்குப் போன் செய்து விசாரிக்கலாம். அப்படி ஒரு விதி இருக்கிறது. ஒரு போன்தான். அவள் கை போன் பக்கம் போகக்கூட இல்லை. வாத்தியார் ஞாபகம் வந்தது. கறி வாசனை வந்தது.

சிவப்பை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள்.

“என்ன, அரை முகமா?” என்றான் பிரனீல், வாய் நிறைய ரொட்டியோடு.

“கையால இழுத்து மூடறான்” என்றாள் தொரிக்கா. ‘றாள்’ என்று சொல்லவில்லை. ‘றான்’ என்றாள். அதை அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. அவள் திறக்கவில்லை. மறக்கவும் இல்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தன் வலது கண்ணை விரலால் மூடிப் பார்ப்பாள். உடனே கையை எடுத்துவிடுவாள்.

பத்துப் பதினோரு நாள் போயிருக்கும். சனிக்கிழமை.

அன்றைக்கு ரக்பி ஆட்டம். சுவாவில் தெருவில் நாய்கூட இல்லை. காலையிலிருந்தே மழை. மதியம் இரண்டு மணிக்கே ஆபீஸில் விளக்குப் போட வேண்டியிருந்தது. பிரனீல் குடையை எடுத்துக்கொண்டு நழுவினான்.

“ஆட்டம் முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்.”

“வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்.”

“உனக்கு எல்லாம் தெரியுது” என்று சிரித்தபடி போனான்.

மாடி முழுக்க அவள் ஒருத்திதான். கீழே ஏதோ ஒரு கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவ்வப்போது கூட்டம் கத்துகிற சத்தம். மழைச் சத்தம். ஏசி முனகல்.

மூன்று பத்துக்கு ஒரு வீடியோ வந்தது.

தவேயூனி. உனாய்சி.

முதலில் தொரிக்காவுக்குப் பயம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. பூட்டிய கணக்கிலிருந்து வீடியோ வர வழியே இல்லை. மெஷின் போட்டிருந்த மதிப்பெண்ணைப் பார்த்தாள். நூறு. யாருக்கும் நூறு வராது. நம் முகத்தை நாமே காட்டினாலும் தொண்ணூற்று ஏழு, எட்டுதான் வரும். அப்படியே நூறு வாங்கியிருந்தாலும், சந்தேகமே இல்லாத முகம் எதற்கு இவளிடம் வருகிறது?

ஓட விட்டாள்.

முகம் நேராக இருந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல. தொங்கல் இல்லை. அதே பெண்தான், அதே காது, அதே தாடை. ஆனால் சரியாகிவிட்ட முகம். குணமாகிவிட்டாள் போல என்று தொரிக்காவுக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா என்று நெஞ்சு லேசானது.

பிறகுதான் கவனித்தாள். எழுத்து வருவதற்கு முன்பே அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டினாள். என்ன கேட்கப்போகிறது என்று தெரிந்த மாதிரி. முதலில் சிமிட்டல். அப்புறம்தான் எழுத்து.

பின்னால் சுவர் இல்லை. ஓலைப் பின்னல். தலைக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில், தாடைக்குக் கீழே... எங்கும் பாய்ப் பின்னல். முகத்தை ஒட்டியே.

நாலு வினாடியில் நிற்க வேண்டிய வீடியோ நிற்கவில்லை.

தொரிக்கா மூடினாள். அது திரும்ப வந்தது. மறுபடி மூடினாள். மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் கிட்டே இருந்தது.

கீழே டிவிச் சத்தம் நின்றுவிட்டது. மழை பெய்துகொண்டிருப்பது ஜன்னலில் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

இந்த வீடியோவில் அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை.

தொரிக்காவைப் பார்த்தாள்.

மெதுவாகக் கையைத் தூக்கினாள்... விரலை வலது இமை மேல் வைத்தாள்... மூடினாள். தேவையே இல்லை. அந்த இமை இப்போது தானாகவே மூடும். இருந்தும் விரலால் மூடிக் காட்டினாள்.

தொரிக்கா பச்சையைத் தேடினாள். பச்சை பட்டன் இல்லை. சிவப்பும் இல்லை.

டிக்.

லேப்டாப்பின் மேல் விளிம்பில் சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது. அவளுடைய கேமரா.

ஸ்கிரீனில் எழுத்து வந்தது.

கண்ணைச் சிமிட்டுங்கள்.

இப்போது அந்த எழுத்து இவளுக்கு.

தொரிக்கா கண்ணை மூடினாள். இடது கண் மூடியது.

வலது கண் மூடவில்லை.

மறுபடி முயன்றாள். நெற்றியெல்லாம் சுருங்கியது. பல்லைக் கடித்தாள். வலது கண் திறந்தே இருந்தது. எரிந்தது. நீர் வழிந்தது.

கண்ணைச் சிமிட்டுங்கள்.

“முடியலை” என்றாள் சத்தமாக. “என்னால முடியலை...”

யாரும் கேட்கவில்லை. சத்தமில்லாத வீடியோ அல்லவா.

கை தானாக எழுந்தது. விரலை இமை மேல் வைத்தாள். இழுத்து மூடினாள். விரலை எடுத்தாள்.

இமை மேலே ஏறியது.

ஸ்கிரீனில் ஒரே வார்த்தை.

போலி.

விளக்கு அணைந்தது. கீழே கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது. மழை சத்தத்தோடு பெய்தது. தொரிக்காவின் கண் பட்டென்று மூடித் திறந்தது.

அப்புறம் கணக்கில் இருந்த அந்த இன்னொரு நம்பருக்குப் போன் போட்டாள். அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய போன்.

எடுத்தது உனாய்சியின் அக்கா வசிதி. பின்னால் பலபேர் சேர்ந்து தேவாலயப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“உனாய்சி இருக்காங்களா?”

“நீங்க யாரு?”

தொரிக்கா கம்பெனிப் பெயரைச் சொன்னாள்.

வசிதி வெளியே வந்தாள் போல, பாட்டுச் சத்தம் தள்ளிப் போனது.

“இப்பத்தான் மண்ணு போட்டுட்டு வந்தோம்” என்றாள் வசிதி. “மூணு மணிக்கு இறக்கினோம். இன்னும் காலைக்கூடக் கழுவலை.”

தொரிக்கா கேட்டாள்: “அவங்க போன்... இப்ப யார்கிட்ட இருக்கு?”

“அலமாரியில கிடக்கு. வியாழக்கிழமையே சார்ஜ் போச்சு. அவளும் அன்னிக்குத்தான் போனா. யாரு அதைச் சார்ஜ் போடறது?”

திங்கட்கிழமை தொரிக்கா லீவு எழுதிக் கொடுத்தாள். சந்தையில் சடங்கில் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரில் நல்ல கட்டு ஒன்று வாங்கினாள். தவேயூனிக்குக் கப்பல் ஏறினாள். எங்கள் பக்கத்தில் பெரிய தப்பு செய்தவர்கள் அப்படித்தான் போவார்கள். வேரைக் கொண்டுபோய் அந்த வீட்டார் முன்னால் வைத்துத் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். எடுத்துக்கொண்டால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அந்த வீட்டில் சாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் இன்னும் கலையவில்லை. தொரிக்கா வாசலிலேயே மண்டியிட்டு, தவழ்ந்து உள்ளே போய், வேர்க்கட்டைப் பாயில் வைத்தாள். நிமிரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று தடவை அழுத்தியதைச் சொன்னாள். சிரித்ததையும் சொன்னாள். வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அது சாக்குப்போக்கு மாதிரி அவளுக்கே பட்டது.

பிறகு உனாய்சியின் சித்தப்பா, வெள்ளைத் தலைக்காரர், கையை நீட்டி வேர்க்கட்டைத் தொட்டார். கைகளைக் குவித்துத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

“எடுத்துக்கிட்டோம். எழுந்து உட்காரு, பொண்ணே” என்றார். “இந்த வீட்டுல உன் மேல இனிமே ஒண்ணும் இல்லை.”

சாப்பாட்டுக்கு அப்புறம் வசிதி அவளைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“முதல் தடவை பக்கவாதம் வந்து அஞ்சு மாசம் ஆச்சு. சுவா ஆஸ்பத்திரியில நாள் குறிச்சுக் கொடுத்திருந்தாங்க. பையன் கப்பலுக்குன்னு அனுப்பின பணம் உள்ள கிடந்துச்சு. போன் தண்ணியில விழுந்துட்டுது. நான் கடன் வாங்கித் தரேன்னேன். ‘என் பணம் இருக்கும்போது எதுக்குக் கை நீட்டணும்’னுட்டா. வீம்புக்காரி. கப்பல் போயிடுச்சு. அடுத்த கப்பலுக்குள்ள இன்னொரு தடவை வந்துச்சு. அவ்வளவுதான்.”

“என்னைத் திட்டினாங்களா, அம்மா?”

“உன்னையா? அங்க ஆளு உட்கார்ந்திருக்குன்னே அவளுக்குத் தெரியாதே. மெஷின்னுதான் நினைச்சா.” வசிதி ஈரக் கையைச் இடுப்பில் கட்டியிருந்த கறுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். “தன்னைத்தான் திட்டிக்கிட்டா. கண்ணாடி முன்னால உட்கார்ந்து கண்ணை மூடப் பழகினா. ராத்திரி பகலா. சாகறதுக்கு முன்னாடிகூட, ‘அக்கா, இப்ப மூடுது பாரு’ன்னா. மூடலை. மூடுதுன்னு நான் பொய் சொன்னேன்.”

தொரிக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“செத்தப்புறம் முகம் நேராயிடுச்சு” என்றாள் வசிதி. “ஊரே பார்த்துச்சு. அப்படி ஒரு அழகு. அவ பின்னின பாயிலேயே சுத்தி அனுப்பினோம்.”

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “சித்தப்பா மன்னிச்சிட்டாரு. நானும் மன்னிச்சிட்டேன். அவளுக்காக நான் எதுவும் சொல்ல முடியாது, பொண்ணே.”

புதன்கிழமை கப்பலுக்காகத் தொரிக்கா துறைமுகத்தில் நின்றிருந்தாள். அப்போது பிரனீல் போன் செய்தான்.

“எப்ப வரே? உன்னைத் தேடி ஒரு அம்மா வந்திருந்தாங்க. நேத்து பூரா வரவேற்பறையில உட்கார்ந்திருந்தாங்க.”

“யாரு?”

“பேரு கேக்கலை. ஏதோ தீவுக்காரங்க. நல்ல லட்சணமான முகம். கணக்கு பூட்டிக்கிச்சாம். நேர்ல வந்து முகத்தைக் காட்டச் சொல்லி நம்மகிட்டேர்ந்து செய்தி வந்துச்சாம்.”

“அப்படி ஒரு செய்தி போகுமா?”

“மூணு தடவை தவறினா தானாப் போகுமே. ‘சுவா ஆபீசுக்கு நேரில் வரவும்’னு. உனக்குத் தெரியாதா?”

தொரிக்காவுக்குத் தெரியாது. சிவப்பை அழுத்தினால் அந்தப் பக்கம் என்ன போகிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

“நானே பார்த்துடறேன்னு சொன்னேன்” என்றான் பிரனீல். “வேண்டாம்னுட்டாங்க. தொரிக்காதான் பார்க்கணுமாம். உன் பேரு வெளியில யாருக்கும் தெரியாதே, யார்கிட்ட கேட்டாங்களோ. நீ ஊர்ல இல்லைன்னேன். ‘பரவாயில்லை, வரட்டும்’னு சொல்லிட்டுப் போனாங்க. ரொம்ப சாது. ஒண்ணுதான்... நான் பேசின நேரம் பூரா அவங்க கண்ணே சிமிட்டலை.”

கப்பல் சங்கு ஊதியது. தொரிக்கா ஏறவில்லை.

அவள் இப்போதும் தவேயூனியில்தான் இருக்கிறாள். வசிதியின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை. போனில் முகம் கேட்கும் எந்த வேலைக்கும் ஊர்க்காரர்கள் அவளிடம்தான் வருவார்கள். பொறுமையாகப் போனைப் பிடித்துக்கொடுப்பாள். விஷயத்தைக் கேட்டதும் பிரனீலும் அந்த வேலையை விட்டுவிட்டான். அவர்கள் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு உனாய்சி யார் என்று தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை.

போன வாரம் அந்தப் பெண் எங்கிருந்தோ நம்பரைக் கண்டுபிடித்துத் தொரிக்காவுக்குப் போன் செய்தாளாம்.

“அக்கா, நீங்க எப்ப வருவீங்க? இங்க ஒரு அம்மா வந்து காத்துக்கிட்டே இருக்காங்க.”